கேர் ஹோமில் இருக்கும் பெற்றோருக்கு என்.எச்.எஸ். பேட்: இங்கிலாந்தில் கேட்டுப் பெறும் வழி

அம்மாவையோ அப்பாவையோ கேர் ஹோமில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு பெரிய பை நிறைய பேட், அதாவது சிறுநீர், மலக் கசிவை உறிஞ்சும் பட்டை, வாங்கிக்கொண்டு போகின்றன. எல்லாம் சொந்தக் காசு. சில குடும்பங்களுக்கு அந்தச் செலவு மாத பில்லில் ஒரு வரியாக வந்துவிடுகிறது. இரண்டிலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. இது வெளியில் பேசுகிற விஷயமா என்ற கூச்சம் ஒரு காரணம். யாரிடம் கேட்பது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

கேட்க வேண்டும். இங்கிலாந்தில் கேர் ஹோமில் வாழும் ஒருவருக்குச் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை, பேட் தேவை என்று முறையான மதிப்பீட்டில் தெரிந்தால், அதைத் தர வேண்டிய பொறுப்பு அரசின் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸுடையது. இல்லத்தின் கட்டணத்தைக் கவுன்சில் கட்டினாலும் நீங்களே கட்டினாலும் இது மாறாது. வீட்டை விற்றுக் கட்டுகிறவருக்கும் இதே உரிமைதான். ஆனால் மதிப்பீடு நடக்காமல் எதுவும் தானாக வராது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த மதிப்பீட்டை எப்படி நடக்க வைப்பது, அதில் என்ன சொல்வது, அதற்குப் பிறகு என்ன பார்ப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் யார் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கேர் ஹோமில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நர்ஸ் இருக்க மாட்டார். குளிப்பாட்ட, உடுத்த, சாப்பிட வைக்கப் பணியாளர்கள் இருப்பார்கள். இதை ரெசிடென்ஷியல் ஹோம் என்கிறார்கள். மற்றது நர்சிங் ஹோம்; அங்கே பதிவு பெற்ற நர்ஸ் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பார்.

தங்குமிடம், சாப்பாடு, அன்றாடப் பராமரிப்பு இவற்றுக்கான கட்டணம் ஆளின் சொத்தைப் பொறுத்தது. சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுக் கட்டணமும் அவரே கட்ட வேண்டும். 14,250 பவுண்டுக்குக் கீழே என்றால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள்.

நர்சிங் ஹோமில் இருப்பவரின் நர்சிங் பராமரிப்புக்கு மட்டும் என்.எச்.எஸ். ஒரு தொகை கொடுக்கிறது. ஃபண்டட் நர்சிங் கேர், சுருக்கமாக எஃப்.என்.சி. என்று சொல்வார்கள். 2025–26 நிதியாண்டில் அது வாரத்துக்கு 254.06 பவுண்டு, நேரடியாக இல்லத்துக்கே போய்விடும். சொத்து பார்த்துத் தருவதல்ல.

பேட் இந்த எஃப்.என்.சி. தொகைக்குள் அடங்கியதல்ல. அது தனி. "உங்கள் அம்மாவுக்கு எஃப்.என்.சி. வருகிறது, பேட் அதிலேயே சேர்ந்தது, அதற்குமேல் வேண்டுமென்றால் நீங்கள் வாங்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். என்.எச்.எஸ். தொடர் பராமரிப்பு, இந்த நர்சிங் நிதி (எஃப்.என்.சி.) இரண்டுக்குமான தேசிய வழிகாட்டல் 2022 ஜூலையில் திருத்தப்பட்டது. நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்கும் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பற்றிய நிபுணர் ஆலோசனை கிடைக்க வேண்டும், மதிப்பீட்டில் தேவை என்று தெரிந்தால் பொருள்களை என்.எச்.எஸ். தர வேண்டும் என்பதுதான் அதன் நிலைப்பாடு.

2001 அக்டோபருக்கு முன் நர்சிங் ஹோமில் இருந்தவர்கள் பேட் செலவைத் தாங்களே ஏற்க வேண்டியிருந்தது. அந்த மாதம் தொடங்கிய இலவச நர்சிங் திட்டத்தோடுதான் நிலைமை மாறியது. இன்னும் சிலர், இல்லம் நடத்துகிறவர்கள்கூட, பழைய கணக்கிலேயே பேசுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மேலே சொன்ன தொடர் பராமரிப்பு, சுருக்கமாக சி.எச்.சி., என்று இன்னொன்று உண்டு. ஒருவருடைய தேவை முதன்மையாக உடல்நலத் தேவை என்று முடிவானால், இல்லத்தின் முழுக் கட்டணத்தையும் என்.எச்.எஸ். ஏற்கும் ஏற்பாடு அது. அது கிடைத்தவருக்கு பேட் உட்பட மதிப்பிட்ட பராமரிப்புத் தேவை எதற்கும் தனி பில் வரக்கூடாது. அதற்கான மதிப்பீட்டில் பார்க்கும் பன்னிரண்டு தலைப்புகளில் கட்டுப்பாடும் ஒன்று. ஆனால் அந்தத் தலைப்பில் எட்டக்கூடிய உச்சம் 'உயர்ந்த தேவை' என்ற நிலைதான். அதற்கு மேலுள்ள 'கடுமையான', 'முன்னுரிமை' நிலைகள் அதில் இல்லை. எனவே கட்டுப்பாட்டுப் பிரச்சினை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சி.எச்.சி. கிடைப்பது கடினம். மறதி நோய், நடக்க முடியாமை, தோல் புண் என்று பலவும் சேர்ந்திருந்தால் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இல்லத்தின் மேனேஜரிடம் கேளுங்கள்

சண்டை வேண்டாம், நேராகக் கேட்டால் போதும். அம்மாவுக்குக் கட்டுப்பாட்டு மதிப்பீடு நடந்திருக்கிறதா? எப்போது, யார் செய்தார்? இப்போது போடுகிற பேட் என்.எச்.எஸ். அனுப்பியதா, இல்லம் வாங்கியதா? ஒப்பந்தத்தில் பேட் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

கடைசிக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்திலேயே படித்துப் பாருங்கள். இல்லங்கள் கட்டண விவரத்தைச் சரியாகவும் உரிய நேரத்திலும் தர வேண்டும் என்பது இல்லங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷனின் 2009ஆம் ஆண்டுப் பதிவு விதிகளில் உள்ள கடமை. கட்டணத்துக்குள் என்ன அடக்கம், எது தனி என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று நுகர்வோர் நலனைப் பார்க்கும் போட்டிச் சந்தை ஆணையமும் (சி.எம்.ஏ.) 2018இல் இல்லங்களுக்கு அறிவுரை வெளியிட்டது. ஆகவே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இப்போதுதான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்விகளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டில் இருந்தபோதே என்.எச்.எஸ். பேட் வந்துகொண்டிருந்தால், அது தானாகப் புது விலாசத்துக்கு வராது. அனுப்புகிற சேவைக்கு விலாச மாற்றத்தைச் சொல்ல வேண்டும். இல்லம் வேறு பகுதியில் இருந்தால் ஜிபியும் (குடும்ப மருத்துவர்) மாறும், பேட் தருகிற சேவையும் மாறும், மறுபடி மதிப்பீடு கேட்பார்கள். பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயரும் அளவும் அதில் இருக்கும். புது நர்ஸுக்கு அது பெரிய உதவி. மருத்துவமனையிலிருந்து நேராக இல்லத்துக்குப் போகிறவர் என்றால், டிஸ்சார்ஜ் செய்யும்போது கொடுத்து அனுப்பும் பேட் பொதுவாகச் சில நாளைக்குத்தான் வரும். அது தீருவதற்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போயாக வேண்டும்.

மதிப்பீட்டுக்கு யாரை அணுகுவது

ஒவ்வொரு பகுதியிலும் கன்டினென்ஸ் சர்வீஸ் அல்லது பிளாடர் அண்ட் பவல் சர்வீஸ் என்ற பெயரில், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டுப் பிரச்சினையைப் பார்க்கும் ஒரு என்.எச்.எஸ். பிரிவு இருக்கும். அதற்கான நிதியைக் கொடுப்பது அந்தப் பகுதியின் ஐ.சி.பி.; பகுதி வாரியாக என்.எச்.எஸ். பணத்தைப் பகிரும் இந்த அமைப்பு 2022 ஜூலை 1 முதல் பழைய சி.சி.ஜி.களின் இடத்துக்கு வந்தது. விதி, அளவு, விண்ணப்பப் படிவம் எல்லாம் ஐ.சி.பி.க்கு ஐ.சி.பி. வேறுபடும். ஆகவே வேறு ஊரிலிருக்கும் உறவினருக்குக் கிடைத்தது அப்படியே உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ரெசிடென்ஷியல் ஹோம் என்றால் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸோ கன்டினென்ஸ் நர்ஸோ வந்து பார்ப்பார். நர்சிங் ஹோம் என்றால், பல இடங்களில் அங்குள்ள நர்ஸே படிவத்தை நிரப்பி சேவைக்கு அனுப்புவார். இல்லம் விண்ணப்பிக்கத் தாமதித்தால் ஜிபி மூலம் கேட்கலாம். சில பகுதிகளில் குடும்பமே நேராக விண்ணப்பிக்கலாம். சேவையின் இணையதளத்தில் இருக்கும்.

ஜிபியிடம் பேட்டுக்கு மருந்துச் சீட்டு கேட்டுப் பயனில்லை. உறிஞ்சும் பேட்கள் மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய பொருள்கள் அல்ல. கதீட்டர், சிறுநீர் சேரும் பை, ஆண்களுக்கான சிறுநீர் உறை, ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளையில் ஒட்டும் பை) போன்றவை மட்டும் சீட்டில் வரும். இங்கிலாந்தில் 60 வயதைத் தாண்டியவருக்கு அதுவும் இலவசம். பேட்டுக்காக ஜிபியிடம் கேட்க வேண்டியது, "கன்டினென்ஸ் சர்வீஸுக்கு அனுப்புங்கள்" என்பதுதான்.

பேட் வருவதற்கு முன்: இது குணமாகக்கூடியதா?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயதானால் இப்படித்தான் என்று நம் ஆட்கள் சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆனால் பேட் சிகிச்சை அல்ல. பெண்களின் சிறுநீர்க் கசிவு பற்றி, மருத்துவ வழிகாட்டல் தயாரிக்கும் தேசிய அமைப்பான நைஸ் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலே, பேட்டைச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம், சிகிச்சை கிடைக்கும் வரைக்குமோ சிகிச்சையோடு சேர்த்தோ வேறு வழி எல்லாம் பார்த்த பிறகோ கொடுங்கள் என்கிறது.

மலச்சிக்கல் ஒன்றே போதும், சிறுநீர்ப் பையை அழுத்திக் கசிய வைக்க. மலம் இறுகி அடைத்திருக்கும்போது அதைச் சுற்றி நீர்போல ஒழுகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். சிறுநீர்த் தொற்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், நீர் பிரிக்கும் மாத்திரை கொடுக்கும் நேரம், தூக்க மாத்திரை, இவை எல்லாமே காரணமாகலாம். திடீரென்று ஒரு வாரத்துக்குள் தொடங்கிய கசிவு என்றால், முக்கியமாக அதோடு குழப்பமும் சேர்ந்திருந்தால், பேட் படிவத்துக்கு முன் ஜிபி பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் நம் குடும்பங்களுக்கே உரியது. அம்மாவுக்கு வருவது தெரிகிறது, அடக்கவும் முடிகிறது, ஆனால் சொல்லத் தெரியவில்லை. மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்பாடு கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடலாம், தமிழில்தான் கேட்பார்கள். பணியாளருக்குப் புரியாது. கால் மணி நேரத்தில் நனைந்துவிடும். குறிப்பேட்டில் கட்டுப்பாடு இல்லை என்று பதிவாகும். அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை 'ஒண்ணுக்கு', 'வெளிக்கு', 'பாத்ரூம்' எதுவானாலும் அதை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். சேலையை இழுத்துப் பிடிப்பது, எழுந்திருக்கப் பார்ப்பது போன்ற சைகைகளையும் எழுதுங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் பணியாளரே கேட்டுக் கூட்டிப்போகும் ஏற்பாட்டைப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்யத் தண்ணீர்தான் வேண்டும், ஈரத் துடைப்பான் மட்டும் போதாது என்று நினைக்கிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போக ஒருவர் மறுப்பதற்கு இந்த மாதிரிச் சின்ன விஷயம்கூடக் காரணமாக இருக்கும்.

மதிப்பீடு நடக்கும் நாள்

நர்ஸ் வருவதற்கு முன்பே குறைந்தது மூன்று நாள் குறிப்பு கேட்பார்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார், எப்போது நனைந்திருந்தது, எவ்வளவு நனைந்திருந்தது. கூடவே மலம் எப்போது போனது, எப்படி இருந்தது என்ற அட்டவணை. எழுத வேண்டியது இல்லத்தின் பணியாளர்கள். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆள் மாறுவதால் இரவுப் பகுதி காலியாகக் கிடப்பது சகஜம். இரவு எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்கள் போகும்போது ஒரு தடவை பாருங்கள். இரவுக்குக் கனமான பேட் தேவையா என்பதை அந்த வரிகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம் மருந்துப் பட்டியல், பழைய அறுவை சிகிச்சைகள், பிரசவங்கள், எடை, இடுப்பளவு, தோல் நிலை எல்லாம் கேட்பார்கள். சிறுநீர் முழுவதும் வெளியேறுகிறதா என்று பார்க்க வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் செய்யக்கூடும். வலிக்காது என்று முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

முடிந்தால் கூட இருங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள், என்.எச்.எஸ். செலவிலேயே ஏற்பாடு செய்வார்கள். இந்த விஷயத்தில் மகன் மொழிபெயர்ப்பதைவிட வெளி ஆள் மொழிபெயர்ப்பது நல்லது என்பது என் கருத்து. மகனை வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் உள்ளதைச் சொல்ல மாட்டார். அதிகம் நடப்பது இதுதான்: நர்ஸ் கேட்கிறார், அம்மா "எப்பவாவது ஒரு தடவை" என்கிறார், பக்கத்தில் இருக்கும் மகளும் கூச்சத்தில் தலையாட்டுகிறார். படிவத்தில் 'லேசான கசிவு' என்று ஏறிவிடுகிறது. லேசான கசிவுக்குப் பல பகுதிகளில் பேட்டே தர மாட்டார்கள். உள்ளதை உள்ளபடி, மோசமான நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மா தானே முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் அவருடைய சம்மதம் தேவை. அந்த நிலையில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி அவருடைய நலனை வைத்து முடிவு செய்வார்கள், குடும்பத்தையும் கேட்பார்கள். உடல்நலத்துக்கான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டார்னி, அதாவது அவருக்காக முடிவெடுக்கும் சட்ட அதிகாரப் பத்திரம், உங்களிடம் இருந்தால் அதன் நகலை இல்லத்திலும் ஜிபியிடமும் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நனைவது குறையட்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், பணியாளர்களையும் குறைக்க விடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப் பை இன்னும் எரிச்சலடையும், மலமும் இறுகும். மருத்துவர் வேறு சொல்லாத வரை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை வரை குடிப்பது வழக்கமான அறிவுரை.

என்ன தருவார்கள், எத்தனை தருவார்கள்

பொதுவாக வருவது வளைந்த வடிவப் பேட்டும் அதைப் பிடித்து நிறுத்தும் வலை ஜட்டியும். கனமான தேவைக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் முழு வகை. உள்ளாடைபோல இழுத்துப் போடும் வகையைப் பல பகுதிகள் தருவதில்லை, தந்தாலும் காரணம் கேட்பார்கள். தானே கழிப்பறைக்குப் போகக்கூடியவருக்கும், ஒட்டும் வகையைக் கழற்றி எறியும் மறதி நோயாளிக்கும் இழுத்துப் போடும் வகைதான் சரிப்படும். அந்தக் காரணத்தை மதிப்பீட்டில் எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

எண்ணிக்கையில் பல பகுதிகள் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு நான்கு என்ற வழக்கமான உச்சம் வைத்திருக்கின்றன. அந்த எண்ணைக் கேட்டதும் நிறையப் பேர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். தேவை கூடுதல் என்று குறிப்புகள் காட்டினால் மறுமதிப்பீடு கேட்கலாம். உச்சம் வழக்கம்தானே தவிர, தனி ஒருவரின் தேவையைப் பார்க்காமல் மறுக்க அது சாக்காகிவிடக் கூடாது.

இங்கே இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்போதைய பேட்கள் உள்ளே இருக்கும் ஜெல்லால் நிறைய உறிஞ்சித் தோலிலிருந்து ஈரத்தைத் தள்ளி வைக்கும். வெளிப்பக்கம் உள்ள கோடு நிறம் மாறுவதைப் பார்த்து எப்போது மாற்றலாம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தடவை கொஞ்சம் நனைந்ததும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றாததை எல்லாம் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலம் போயிருந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும், அதில் பேச்சே கிடையாது. கோடு முழுக்க நிறம் மாறி, உடை நனைந்து, தோல் சிவந்திருந்தால் அது கவனிப்புக் குறைவு. தேதி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகுகிறது என்று ஒரு பேட்டுக்குள் இன்னொன்றை வைப்பார்கள். பெரும்பாலான பேட்களுக்குப் பின்பக்கம் நீர் புகாத தாள் இருப்பதால் மேல் பேட் நிறைந்ததும் பக்கவாட்டில்தான் ஒழுகும்; கீழே உள்ளது காய்ந்தே கிடக்கும். ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அளவு பொருந்தாததோ வலை ஜட்டி தளர்ந்ததோதான் காரணம். பெரிய அளவு என்றால் நிறைய உறிஞ்சும் என்று நினைப்பதும் தவறு. தொடையோடு ஒட்டாத பேட் இடைவெளி விடும். தோலுக்குப் போடும் களிம்பை அப்பினாலும் அது பேட்டின் மேற்பரப்பை அடைத்து உறிஞ்ச விடாது. மெல்லிய பூச்சு போதும்.

பேட் எட்டு வாரத்துக்கோ பன்னிரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை இல்லத்துக்கே வரும். மறுபடி ஆர்டர் செய்வது இல்லத்தின் வேலை. சில இடங்களில் பொருளுக்குப் பதில் இல்லத்துக்குப் பணமாகக் கொடுப்பதும் உண்டு. அப்படியென்றால் உங்களுக்கு பில் வரவே கூடாது. உங்கள் அம்மாவின் பெயரில் மதிப்பீடு செய்து வந்த பேட் உங்கள் அம்மாவுக்கு மட்டும். எல்லாருடையதையும் ஒரே அலமாரியில் போட்டு அள்ளி எடுக்கிற பழக்கம் இருந்தால், மாதக் கடைசியில் குறைவது உங்கள் அம்மாவுக்குத்தான். அறையில் அவர் பெயர் போட்ட பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு தடவையாவது மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைந்தால், மருந்து மாறினால், விழுந்து மருத்துவமனை போய் வந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பில் வந்தால்

முதலில் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'எக்ஸ்ட்ராஸ்' என்ற ஒரே தலைப்பில் முடி வெட்டியது, சோப்பு, பேட் எல்லாம் சேர்ந்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். என்.எச்.எஸ். தருவதற்கு மேல் நீங்கள் விரும்பிக் கேட்ட பிராண்டு, ஈரத் துடைப்பான், கூடுதல் வசதி இவற்றுக்குப் பணம் கேட்பது நியாயம். மதிப்பீட்டில் தேவை என்று வந்த பேட்டுக்குக் கேட்பது நியாயமில்லை.

அப்புறம் மின்னஞ்சலில் எழுதுங்கள்; பேச்சோடு விட்டுவிட வேண்டாம். நாலைந்து வரி போதும். அம்மாவின் பெயர், அறை, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கட்டினீர்கள், மதிப்பீடு நடந்ததா இல்லையா, நடந்திருந்தால் அதன் நகல் வேண்டும், நடக்கவில்லையென்றால் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பீர்கள், கட்டிய தொகையை எந்த ஒப்பந்த விதிப்படி வாங்கினீர்கள். பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். கடையில் வாங்கிய ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கவுன்சில் பணம் கொடுக்கிற இடமென்றால் சோஷியல் ஒர்க்கரிடமும் சொல்லுங்கள். கவுன்சில் உதவி பெறுகிறவரின் கையில் சொந்தச் செலவுக்காக விட்டுவைக்கும் தொகை ஒன்று உண்டு. 2025–26இல் வாரத்துக்கு 30.65 பவுண்டு. அது அவர் விருப்பப்படி செலவழிக்க. பராமரிப்புத் தேவை என்று மதிப்பிட்ட எதற்கும் அதைப் பிடுங்கக் கூடாது என்று அரசின் சட்டப்பூர்வ வழிகாட்டலிலேயே இருக்கிறது. அந்தக் காசில் பேட் வாங்க வைத்தால் உடனே எழுதுங்கள். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க ஒரு பாட்டியிடம் மிஞ்சுவதே அவ்வளவுதான்.

புகார் இரண்டு பக்கம் போகும், கலந்துவிட வேண்டாம். பேட் தர மறுத்ததும் தாமதமும் குறைந்த எண்ணிக்கையும் என்.எச்.எஸ். பக்கம்: சேவையை நடத்தும் என்.எச்.எஸ். டிரஸ்ட் அல்லது ஐ.சி.பி., அதிலும் திருப்தியில்லையென்றால் நாடாளுமன்ற மற்றும் சுகாதார ஆம்பட்ஸ்மன் (புகார்களைச் சுதந்திரமாக விசாரிப்பவர்). இல்லம் பணம் வாங்கியதும் மாற்றாமல் விட்டதும் இல்லத்தின் பக்கம்: முதலில் இல்லம், கவுன்சில் பணம் கொடுத்தால் கவுன்சிலும், பிறகு உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன். முழுக் கட்டணமும் தானே கட்டுகிறவரும் இந்த இரண்டாவது ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். இது பலருக்குத் தெரியாது. பொதுவான கால வரம்பு பன்னிரண்டு மாதம். கேர் குவாலிட்டி கமிஷன் தனிப் புகாரைத் தீர்த்து வைக்காது, ஆனால் ஆய்வுக்குப் போகும்போது பயன்படுத்தும் என்பதால் அங்கும் தெரிவிக்கலாம்.

புகார் செய்தால் அம்மாவைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். அதனால்தான் முதல் கடிதத்தைப் புகார் என்று எழுதாமல் கேள்வியாக எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் மேனேஜருக்கே விண்ணப்பம் போகாமல் கிடந்தது அப்போதுதான் தெரிய வரும். வேண்டுமானால் என்.எச்.எஸ். புகாருக்கென்றே இலவசமாகத் துணை நிற்கும் சுதந்திர ஆலோசகர்கள் உண்டு. கவுன்சிலிடம் கேட்டால் யாரென்று சொல்வார்கள். பிளாடர் அண்ட் பவல் யுகே, ஏஜ் யுகே இரண்டும் தொலைபேசியில் வழி சொல்வார்கள்.

கூடவே பார்க்க வேண்டிய சில

முழுக் கட்டணமும் தானே கட்டுகிறவர் கேர் ஹோமில் இருந்துகொண்டே, பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அரசு உதவித்தொகையான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்கலாம். 2025–26இல் அதன் உயர் விகிதம் வாரத்துக்கு 110.40 பவுண்டு. இல்லத்தில் சேர்ந்ததும் அது நின்றுவிடும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கவுன்சிலோ சி.எச்.சி.யோ பணம் கொடுக்கும்போதுதான் 28 நாளில் நிற்கும்.

விசா நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சாதாரணமாகக் குடியிருப்பவருக்கும், அகதி நிலை பெற்றவருக்கும், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கும் என்.எச்.எஸ். கட்டணம் கேட்காது. விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் என்றால் நிலைமை வேறு. 2017 அக்டோபரிலிருந்து சமூக அளவிலான என்.எச்.எஸ். சேவைகளுக்கும் கட்டணம் விதிக்கும் விதி வந்துவிட்டது. இந்த நிலையில் உள்ளவர்கள் முதலில் குடியேற்ற ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

இவ்வளவும் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் 2002 ஜூலை முதல் 65 வயதைத் தாண்டியவருக்கும், 2019 ஏப்ரல் முதல் அதற்குக் குறைந்த வயதினருக்கும் தேவை இருந்தால் தனிநபர் பராமரிப்பு இலவசம். பேட்டுக்கு அந்தப் பகுதியின் ஹெல்த் போர்டைக் கேட்க வேண்டும். வேல்ஸில் நர்சிங் ஹோமுக்குப் போகும் நர்சிங் நிதியிலேயே பேட்டுக்கான ஒரு பங்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது, ஆகவே அங்கே கேள்வியை இல்லத்திடமே கேட்க வேண்டும். வட அயர்லாந்தில் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் டிரஸ்ட்தான் மதிப்பீடும் செய்யும், பேட்டும் தரும்.